வேதக் கேள்விகள்: ஓர் எழுத்தும் மாறவில்லையா?

கேள்வி: "கையால் பார்த்துப் பார்த்து எழுதி வந்த புத்தகம், எவ்வளவோ மாறியிருக்கும்" என்கிறார் கூட வேலை பார்ப்பவர். ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று அடித்துச் சொல்லலாமா?
— வாசகர், நாசரேத்

பதில்: சொல்லாதீர்கள். விஷயம் தெரிந்தவர் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார். சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் 1947 வாக்கில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளையே எடுத்துக்கொள்ளுங்கள். 17 தோல்களைச் சேர்த்துத் தைத்தது. 7 மீட்டருக்கு மேல் நீளம். 66 அதிகாரங்களும் இருக்கின்றன. எழுதியது ஏறத்தாழ கி.மு. 125. பழைய ஏற்பாடு முழுவதும் அடங்கிய எபிரெயச் சுவடிகளில் பழையதான லெனின்கிராட் சுவடியோ கி.பி. 1008-ல் எழுதியது. நடுவே பதினோரு நூற்றாண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசங்கள் நிறையத் தெரியும். பெரும்பாலானவை எழுத்துக்கூட்டல். சில அப்படியல்ல. ஏசாயா 6:3-ல் சேராபீன்கள் என்ற வானவர்கள் "பரிசுத்தர்" என்று மூன்று தரம் கூப்பிடுகிறார்கள். சுருளில் இரண்டே தரம். 40:7, 8-ஐத் திறந்து பாருங்கள். "புல் உலர்ந்து பூ உதிரும்" இரண்டு வசனத்திலும் வருகிறது. எழுதியவர் முதல் இடத்தை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது கண் இரண்டாவது இடத்துக்குத் தாவிவிட்டது என்றே பலரும் கொள்கிறார்கள். இடையில் விட்டுப்போனதை வேறொரு கை வரிக்கு மேலும் ஓரத்திலும் நெருக்கி எழுதிச் சேர்த்திருக்கிறது. "தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்" என்ற இடத்திலா இப்படி ஆக வேண்டும்! ஆனால் பிழை நடந்தது மட்டுமல்ல, திருத்தப்பட்டதும் அதே தோலில்தான் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டுக்கு, துண்டுகளையும் சேர்த்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கப் பிரதிகள் உண்டு. ஒரே பிரதி இருந்திருந்தால் வித்தியாசமே இருக்காது, ஆனால் தவறைப் பிடிக்கவும் வழியிருக்காது. 1 யோவான் 5:7-ல் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று வரும் பகுதி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. லத்தீன் வழியாக வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டுவிட்டு 1522-ல் சேர்த்தார். நம் பழைய மொழிபெயர்ப்பில் அது நிற்கிறது, பிந்தைய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இல்லை. திரித்துவத்துக்கு அந்த வசனத்தை ஆதாரமாக நீட்டாதீர்கள். மத்தேயு 28:19 இருக்கிறது.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எரேமியா 29:11 ("நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்") வாக்குத்தத்த அட்டையாகக் கிடைத்தது. பாதியில் நிற்கும் எங்கள் வீடு இந்த வருஷம் முடியும் என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வீடு அந்த அதிகாரத்தில் வரத்தான் செய்கிறது, 5-ஆம் வசனத்தில். ஆனால் கட்டச் சொல்வது பாபிலோனில்! சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்கிறான். இல்லை, எழுபது வருஷம் என்கிறது 29:10. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அட்டையில் 11 மட்டும் அச்சாகிறது, 10 விட்டுப்போகிறது.

எந்த அட்டை வந்தாலும் முந்தின அதிகாரத்திலிருந்து அடுத்த அதிகாரம் வரை ஒரே மூச்சில் படியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். "உங்கள்பேரில்" என்பது இங்கே ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. கைவிடாத தேவன் என்பது உங்களுக்கும் பொருந்தும். கட்டடத்துக்குத் தேதி அதில் இல்லை.

கேள்வி: மாற்கு 4:38-ல், படகு புயலில் சிக்கியபோது, சீஷர்கள் "நாங்கள் மடிந்துபோகிறது" என்கிறார்கள். இயேசுவும் அதே படகில்தானே இருந்தார்? "நாம்" என்றல்லவா வர வேண்டும்?
— வாசகர், மதுரை

பதில்: கூர்மையான கண். ஆனால் இந்தச் சிக்கல் தமிழில்தான். "நாம்", "நாங்கள்" என்ற பாகுபாடு கிரேக்கத்தில் கிடையாது. அங்கே இருப்பது "அபொல்லூமெதா" என்ற ஒரே வினைச்சொல். மொழிபெயர்த்தவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், தேர்ந்தெடுத்தார். சீஷர்கள் இயேசுவைத் தங்களோடு சேர்க்கவில்லை என்று இதை வைத்துப் பிரசங்கம் கட்டினால், அடித்தளம் மொழிபெயர்ப்பாளர் போட்டது.

கேள்வி: யோவான் 14:15-ல் "என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்றால், கற்பனை செய்யச் சொல்கிறாரா என்று மகள் கேட்கிறாள்.
— வாசகி, கோவை

பதில்: நம் பழைய மொழிபெயர்ப்பில் கற்பனை என்றால் கட்டளை. இன்றைக்கு அந்தப் பொருள் கிறிஸ்தவர் வீட்டில்தான் மிஞ்சியிருக்கிறது. திருவிவிலியத்தில் "கட்டளைகளைக் கடைப்பிடிப்பீர்கள்" என்று இருக்கும். "கைக்கொள்ளுங்கள்" எப்படி "கடைப்பிடிப்பீர்கள்" ஆனது என்று மகள் அடுத்துக் கேட்பாள். சில கிரேக்கப் பிரதிகளில் "தேரேசாதே", வேறு சிலவற்றில் "தேரேசெதே". முன்னது ஏவல், பின்னது எதிர்காலம். மாறியிருப்பது ஓர் உயிரெழுத்து.