சிகரெட் பெட்டியில் வந்த பேஸ்பால் அட்டை: அசலா, மறுபதிப்பா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பக்கத்துத் தெருவில் வீட்டைக் காலி செய்தவர்களிடம் பழைய புத்தகங்களோடு ஒரு தகரப் பெட்டியும் வாங்கினேன். உள்ளே ஏழெட்டுச் சிறிய பேஸ்பால் அட்டைகள் இருந்தன. பின்புறம் ‘பீட்மாண்ட்’ சிகரெட் விளம்பரம். ஒன்றில் வாக்னர் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் பிட்ஸ்பர்க் என்ற ஊர்ப்பெயரில் கடைசி ‘எச்’ எழுத்தைக் காணோம். இவை அசலா? பசைக் கறையைத் துடைத்துவிட்டு விற்கலாமா?

பதில்: முதலில் துடைக்கும் துணியைக் கீழே வையுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ‘டி206’ எனப்படும் வரிசையைக் காட்டுகின்றன. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் 16 சிகரெட், புகையிலைப் பெயர்களில் வெளியிட்ட அட்டைகள் இவை. மொத்தம் ஐந்நூற்றுச் சொச்சம் படங்கள். வரிசைக்கு இந்த எண்ணைச் சூட்டியவர் நியூயார்க் மாநிலத்தின் சிராகியூஸ் நகரைச் சேர்ந்த ஜெபர்சன் பர்டிக். பழைய அட்டைகளுக்கெல்லாம் பட்டியல் போட்டு, தாம் சேர்த்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப் படங்களையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

சிகரெட்டோடு அட்டை எதற்கு? அக்காலப் பெட்டி மெல்லிய தாளால் ஆனது. சட்டைப் பையில் வைத்தால் நசுங்கிவிடும். முட்டுக்கொடுக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். 1880களில் சிகரெட் சுற்றும் இயந்திரம் வந்து உற்பத்தி பெருகி, கம்பெனிகளுக்குள் போட்டி முற்றியதும், அந்த வெற்று அட்டையில் படம் ஏறியது. 1887இல் ஆலன் அண்ட் கின்டர் கம்பெனி வெளியிட்ட 50 விளையாட்டு வீரர்களில் பத்துப் பேர் பேஸ்பால்காரர்கள். ‘ஓல்ட் ஜட்ஜ்’ சிகரெட் அட்டைகளில் நிஜப் புகைப்படத்தையே ஒட்டினார்கள். 1890இல் பெரிய கம்பெனிகள் ஒரே குடையின் கீழ் வந்து போட்டி ஒழிந்தது. இலவசமும் பெருமளவு நின்றது. வியாபாரிக்கு எதிரி இருந்தால்தான் வாடிக்கையாளருக்குப் பரிசு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் தலைகாட்டியவைதான் உங்கள் பெட்டியில் இருப்பவை, அவை அசலாக இருந்தால்.

சோதிக்கும்போது வீரரின் முகத்தை மறந்துவிடுங்கள், அச்சைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை அட்டையின் கீழ்விளிம்பில், பழுப்பு மையில் இருக்கும் பெயருக்கு மேல் வையுங்கள். கல் அச்சு முறையில் அடித்த அசலில் எழுத்து ஒரே நிற மையால், இடைவெளியின்றி நிரம்பியிருக்கும். மறுபதிப்பில் அதே எழுத்து பல நிறப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். முகத்திலும் வானத்திலும் அசலிலும் புள்ளிகள் உண்டு. ஆனால் அவை ஒழுங்கற்றவை. வரிசை பிசகாத, பூவிதழ் போன்ற புள்ளிக் கூட்டம் தெரிந்தால் அது பிற்காலத்து ஆப்செட் அச்சு. அடுத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடியுங்கள். தாள் நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அது 1940களின் பிற்பகுதிக்கு முந்தைய தாள் அல்ல. வெண்மையூட்டும் ரசாயனம் தாளில் கலந்தது அதன் பிறகுதான். பழுப்பேறிய நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மறுபதிப்பைத் தேநீரில் நனைத்து உலர்த்தி வயதேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது, அக்காலப் பிட்ஸ்பர்க் அணியின் நட்சத்திர வீரர் வாக்னர். அந்த ‘எச்’ விடுபட்டதை வைத்துப் போலி என்று முடிவு கட்ட முடியாது. பிட்ஸ்பர்க்கின் அதிகாரப்பூர்வ எழுத்துக்கூட்டலில் 1911 வரை சுமார் இருபது ஆண்டுகள் ‘எச்’ இருக்கவில்லை. அசல் அட்டையிலும் இல்லை. என் சந்தேகமெல்லாம் பின்புறத்தின் மேல்தான். உலகில் எஞ்சியிருக்கும் சுமார் ஐம்பது அறுபது வாக்னர் அட்டைகளில் பெரும்பாலானவற்றின் முதுகில் ‘ஸ்வீட் கேப்பரல்’ விளம்பரம்தான் உண்டு. ‘பீட்மாண்ட்’ கொண்டவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. மற்ற வீரர்களுக்கோ ‘பீட்மாண்ட்’ மிகச் சாதாரணம். எனவே உங்கள் வாக்னர் மறுபதிப்பாகவும் ஏனையவை அசலாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த அட்டை இவ்வளவு அரிதானது ஏன் என்பதற்கு இரண்டு கதைகள் உலவுகின்றன: சிறுவர்கள் புகையிலை வாங்க நேருமே என்று வாக்னர் தடுத்தார் என்பது ஒன்று, பணம் கேட்டார் என்பது மற்றொன்று. 2022இல் ஓர் அட்டை 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியதால்தான் போலிகளும் இந்த முகத்தையே சுற்றி வருகின்றன.

அப்படியானால் ஏமாற்றமா? அவசரப்படாதீர்கள். எல்லா அட்டைகளையும் கவிழ்த்துப் போட்டு முதுகுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஒரே படம், வேறு விளம்பரம் என்றால் விலை பல மடங்கு மாறும். 2016இல் அமெரிக்காவின் தென்பகுதிக் குடும்பம் ஒன்று, கொள்ளுத்தாத்தா வீட்டில் கசங்கிக் கிடந்த காகிதப் பையிலிருந்து அக்கால பேஸ்பால் நட்சத்திரம் டை காபின் ஏழு அட்டைகளை எடுத்தது. ஏழின் முதுகிலும் காப் பெயரிலேயே விற்ற புகையிலையின் விளம்பரம். அதுவரை உலகில் பதினைந்து போலத்தான் தெரியவந்திருந்தன. மூலைகள் தேய்ந்திருந்தும் அவற்றுக்குப் பெரும் மதிப்பு இருந்தது.

பசைக் கறை ஆல்பத்தில் ஒட்டியதன் தடம். அது விலையைக் குறைக்கும். ஆனால் நீங்கள் சுரண்டினால் இன்னும் குறையும். ஓரம் நறுக்கி அழகாக்குவது அதைவிட மோசம். ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி 1991இல் இன்னொருவரோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கிய புகழ்பெற்ற வாக்னர் அட்டையின் விளிம்பைத் தானே வெட்டியதாக, அதை முன்பு வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். அட்டை அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்று சோதித்து எண்ணால் மதிப்பிடும் தர நிர்ணய நிறுவனங்கள் இன்று விளிம்பு வெட்டிய அட்டைக்கு எண் மதிப்பே தர மறுக்கின்றன.

அட்டைகளை அமிலமற்ற பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. லென்ஸ் சோதனையில் தேறியவற்றில் அரிய முதுகோ பெரிய வீரரோ இருந்தால் மட்டும் தர நிர்ணயத்துக்கு அனுப்புங்கள். பழுதான சாதாரண அட்டை சில பத்து டாலர்தான் பெறும்; கட்டணமே அதை விழுங்கிவிடும்.