செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எழும்பவில்லை

கேள்வி: என்னுடையது 2003 மாடல் பெட்ரோல் கார். தை மாதம் முழுக்க அறுவடை வேலை, வண்டியைத் தொடவே இல்லை. கொட்டகையில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றது. மாசியில் எடுக்கப் போனால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் முதலில் எஞ்சின் சுற்றுவதைக் காட்டும் கிராங்க் சென்சாரை மாற்றினார், அப்புறம் கூலன்ட் சென்சார், கடைசியில் ஆக்சிலரேட்டர் மிதிப்பதைக் காட்டும் த்ரோட்டில் சென்சாரின் ஸ்குரூவை லூஸ் செய்து அட்ஜஸ்ட் பண்ணினார். 6,500 ரூபாய் போனதுதான் மிச்சம். முன்பெல்லாம் சாவி போட்டதும் மஞ்சளாக ஒரு எஞ்சின் விளக்கு எரியும், இப்போது அதுவும் எரிவதில்லை. இனி எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மைத்தான் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா சார்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். விளக்கு எரிவதில்லை என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. அதை உங்கள் மெக்கானிக்கிடம் சொன்னீர்களா தெரியவில்லை.

சாவியை ஆன் செய்ததும், எஞ்சின் ஓடாமலேயே, அந்த மஞ்சள் விளக்கு எரிந்தாக வேண்டும். எரிய வைப்பது ஈசிஎம். எரியவில்லை என்றால் ஒன்று பல்பு போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈசிஎம்முக்குக் கரன்ட்டோ எர்த்தோ போகவில்லை. ஈசிஎம்மே தூங்கும்போது எத்தனை சென்சார் புதிதாகப் போட்டாலும் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்காது, பிளக்கில் ஸ்பார்க் வராது. செல்ஃப் மட்டும் சுற்றும், ஏனென்றால் அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளில் செல்ஃப் லைன் பெரும்பாலும் தனி.

கொட்டகை, வைக்கோல், தை மாதம் என்று படித்ததுமே எனக்கு எலி ஞாபகம்தான் வந்தது. வயல் காலியானால் எலி வீட்டுப் பக்கம் வரும் என்பதை, தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறி வைத்துப் பழகிய ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் பழைய வண்டியில் ஒருமுறை ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் சரியாக இரண்டே இரண்டு ஒயரைக் கடித்துவிட்டுப் போயிருந்தது, மேலே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, நானும் மூன்று நாள் பெட்ரோல் பம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதனால் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: நெல் உமி, புழுக்கை, கிழிந்த டேப், ஒயர் கொத்துக்கு அடிப்பக்கம். ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழேயும் குனிந்து பாருங்கள்.

கடி எதுவும் இல்லையா? சரி, ஃபியூஸ். கண்ணால் பார்த்தால் போதாது, மல்டிமீட்டர் வைத்து இரண்டு முனையிலும் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். அடுத்தது ஈசிஎம்முக்குக் கரன்ட் விடும் மெயின் ரிலே. அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும், செலவில்லை. சாவி ஆன் செய்ததும் பின் சீட்டுக்குக் கீழே பம்பு இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஓடி நிற்கிறதா என்றும் ஒருவரை உட்கார வைத்துக் கேளுங்கள். அப்புறம் எர்த் ஒயர்கள். எஞ்சினில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள், அதைக் கழற்றிப் பளபளப்பாகத் தேய்த்து மறுபடி இறுக்குங்கள். பல்பு வைத்த டெஸ்ட் லாம்பால் ஈசிஎம் ஒயர்களைக் குத்த வேண்டாம், நல்லதாக இருப்பதும் போய்விடும். ஈசிஎம் கப்ளரை (ஒயர் கொத்தைச் செருகியிருக்கும் பிளக்) கழற்றுவதாக இருந்தால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று. சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுப்பது 5 வோல்ட். ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட் மொத்தமாக விழுந்துவிடும், சில வண்டிகளில் மஞ்சள் விளக்கும் கூடவே அணைந்துவிடும். சாவி ஆனில் இருக்க, மூன்று ஒயர் சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது விளக்கு எரிகிறதோ அதுதான் திருடன். புதிதாக வாங்கிப் போட்டதையும் இதில் விடாதீர்கள், புதுசு என்பதற்காக அது நல்லது என்று ஆகிவிடாது.

விளக்கு வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. த்ரோட்டில் சென்சாரை உத்தேசமாகத் திருப்பி வைத்திருக்கிறார் அல்லவா, அது எனக்கு உறுத்துகிறது. பெடலைத் தொடாதபோது அதன் சிக்னல் ஒயரில் சுமார் அரை வோல்ட் இருக்க வேண்டும், மெதுவாக முழுதும் மிதித்தால் எங்கும் குதிக்காமல் 4 வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும். சரியான அளவு மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். செல்ஃப் அடிக்கும்போதே இது உயரமாகக் காட்டினால், பெட்ரோல் மூழ்கிய எஞ்சினை உலர்த்தத்தான் முழு பெடல் மிதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பல வண்டிகளில் ஈசிஎம் இன்ஜெக்டரையே நிறுத்திவிடும். எலி செய்ததைச் சரி செய்த பிறகும் மனிதன் செய்தது மிச்சம் இருந்தால் வண்டி எழும்பாது! கழற்றிய பழைய சென்சார்களைக் கேட்டு வாங்கி வையுங்கள், இரண்டுமே நல்லவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போவதற்குள் சூடாகி வண்டி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் மரத்தடியில் நிறுத்தினால் தானாக ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் நன்றாகவே ஓடுகிறது, என்னைத்தான் ஒருமாதிரி பார்க்கிறார்கள்.
– வாசகர், பாபநாசம்

பதில்: உங்களுக்குத்தான் கிராங்க் சென்சார். மன்னார்குடிக்காரர் வாங்கியதை நீங்கள் வாங்கியிருக்க வேண்டும். சூட்டில் உள்ளே இருக்கும் காயில் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை நின்றதும் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் அது அசையாமல் கிடந்தால் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். ஈரத்துணியைச் சென்சார் மேல் ஐந்து நிமிடம் போட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் தீர்ந்தது (ஃபேன், பெல்ட் பக்கம் கை ஜாக்கிரதை). புதிதைப் போடும்போது முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகளைத் துடைத்துவிட்டு, அதன் எதிரே சுற்றும் சக்கரத்தின் பல்லுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். வாஷர் வைத்து உயர்த்திவிட்டால் மறுபடி மரத்தடிதான்.

கேள்வி: கடலோரத்தில் வீடு. சென்சார் கப்ளர்களில் பச்சையாகப் பூக்கிறது. உப்புத்தாள் போடலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: கூடாது. பின்களின் மேல்பூச்சு போய் இன்னும் வேகமாகப் பூக்கும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்ததும் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். ரப்பர் சீல் கிழிந்திருந்தால் கப்ளரையே மாற்றிவிடுங்கள்.