முகமாற்று அறுவை சிகிச்சை: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: உயரழுத்த மின்கம்பியில் கரன்ட் அடித்து என் தம்பிக்கு மூக்கும் இரண்டு உதடுகளும் கருகிவிட்டன. மூன்று முறை சதை வைத்துத் தைத்தும் வாய் மூடவில்லை. எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. முகமாற்று சிகிச்சை அவனுக்குச் சரிவருமா?
- வாசகி, ஈரோடு

பதில்: முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுக்கும் சதை ஓட்டையை அடைக்கும், சுருங்கி விரியாது. உதட்டைச் சுற்றி வளையமாக ஓடும் தசைக்கு நம் உடம்பில் வேறெங்கும் ஈடு இல்லை. தம்பிக்கு ‘ப’, ‘ம’ ஒலிகள் வராததும் இதனால்தான். மூக்கு மட்டும் போயிருந்தால் நெற்றித் தோலைத் திருப்பியே மூக்கு அமைத்துவிடலாம். உதடும் இமையும் போனவர்களுக்குத்தான், இறந்தவரின் முகத்தை எடுத்துப் பொருத்தும் முகமாற்று பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. 2005 நவம்பரில் பிரான்ஸின் அமியான் நகரில் நடந்த முதல் சிகிச்சையிலும், நாய் குதறியதில் போன மூக்கு, உதடு, முகவாய்ப் பகுதியைத்தான் மாற்றினார்கள்.

மருத்துவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். முந்தைய அறுவைகளில் கழுத்து ரத்தக் குழாய்களில் எவற்றைப் பயன்படுத்தினார்கள்? புது முகத்துக்கு ரத்தம் அவற்றிலிருந்துதான் போக வேண்டும். அடுத்து, பிறர் திசுவை எதிர்க்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் எவ்வளவு? பல முறை ரத்தம் ஏற்றியவர்களுக்கும், தீக்காயத்தின்மீது தானத் தோல் போர்த்தியவர்களுக்கும் இது ஏறியிருக்கும். அளவு கூடினால் பொருத்தமான கொடையாளர் கிடைப்பது மிகக் கடினம்.

கேள்வி: இந்த அறுவை எப்படி நடக்கிறது?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: கொடையாளர் மூளைச்சாவு அடைந்தவர். ரத்த வகை மட்டுமல்ல. தோல் நிறம், வயது, தலை அளவும் பொருந்த வேண்டும். ஒரு குழு நரம்புகளையும் குழாய்களையும் அடையாளம் கண்டு முகத்தைப் பிரிக்கும். குழாய்களைக் கடைசியில்தான் வெட்டுவார்கள். அதற்குப் பின் ஒவ்வொரு நிமிடமும் தசைக்கு நஷ்டம். முகத்தோடு எலும்பும் சேர்ந்து வந்தால், பெறுபவரிடம் முதலில் அதை டைட்டானியத் தகடு, திருகாணிகளால் பிணைப்பார்கள். பிறகு மைக்ராஸ்கோப் வைத்து, முடியைவிட மெல்லிய நூலால் தமனியையும் சிரையையும் இணைப்பார்கள். ரத்தக் குழாயை அடைத்திருந்த கிளிப்பை எடுத்ததும் வெளிறிக் கிடந்த உதடு சிவக்க வேண்டும். நரம்பு, தசை, வாயின் உட்தோல், வெளித்தோல் எல்லாம் அதன் பிறகு. 2015-ல் நியூயார்க்கில் ஒரு தீயணைப்பு வீரருக்கு 26 மணி நேரம் ஆயிற்று.

முதல் சில நாட்களில் முகம் நீலம் பாரித்து வீங்கினால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம்; உடனே மறுபடி திறந்தாக வேண்டும். நரம்பு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். உணர்ச்சி சில மாதங்களில் திரும்பும். அசைவுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை தினமும் கண்ணாடி முன் உதட்டைக் குவிக்கும் பயிற்சியை விடக்கூடாது.

கேள்வி: இறந்தவரின் சாயல் வந்துவிடாதா?
- வாசகி, மதுரை

பதில்: அப்படியே வராது. தோல் அவருடையதானாலும் அடியிலுள்ள எலும்பு பெறுபவருடையது. தாடை எலும்பையும் சேர்த்து மாற்றினால் இருவருக்கும் இடைப்பட்ட முகம் அமையும்.

கேள்வி: மாத்திரை எத்தனை வருஷம்?
- வாசகர், கடலூர்

பதில்: ஆயுள் முழுக்க. இந்தச் சிகிச்சையின் பாரமே அதுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி புது முகத்தை அந்நியமாக எண்ணித் தாக்காமல் (நிராகரிப்பு) தடுக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு ஆகிய மூன்று மருந்துகளும் வழக்கம். டாக்ரோலிமஸைப் பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் தவறாமல் போட வேண்டும். பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தொடவே கூடாது. சிறுநீரகப் பாதிப்பு, சர்க்கரை நோய், தொற்று, புற்றுநோய் எல்லாம் இந்த மருந்துகளோடு வரக்கூடியவை. முகத்தில் சிவந்த திட்டோ வீக்கமோ தெரிந்தால் அன்றே போய்க் காட்டுங்கள். துளி தோலை எடுத்துச் சோதித்து, நிராகரிப்பு என்றால் ஸ்டீராய்டை ஊசி வழியாகக் கொடுப்பார்கள். முதல் ஆண்டில் இது ஏறக்குறைய எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும், பெரும்பாலும் அடங்கிவிடும்.

பல ஆண்டுகளில் மெல்ல வரும் நிராகரிப்புதான் பயமுறுத்துவது. 48 பேருக்குச் செய்த முதல் 50 முகமாற்றுகளை ஆராய்ந்ததில் 5 ஆண்டில் 85 சதவீதமும் 10 ஆண்டில் 74 சதவீதமும் நிலைத்திருந்தன. பிரான்ஸில் 2010-ல் முகம் பெற்ற ஒருவர் அதை இழந்து, இரண்டு மாதம் முகமின்றிக் கிடந்து, 2018-ல் பாரிஸில் இரண்டாவது முகம் பெற்றார். ஆகவே ஒப்புதலில் கையெழுத்திடும் முன், முகம் தோற்றால் மூடுவதற்கு எந்தத் தொடை, எந்தக் கைச் சதையைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.