பெரிய பாவம் செய்யாதவள் என்ன சாட்சி சொல்வாள்?

அன்புள்ள ஐயா,

நான் பாளையங்கோட்டையில் வசிப்பவள். நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, திடப்படுத்தல் என்று ஒழுங்காக வளர்ந்தேன். அடுத்த மாதம் எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் பத்து நிமிடம் சாட்சி, அதாவது விசுவாசத்துக்கு வந்த என் கதையை, சொல்ல வேண்டும் என்று பொறுப்பாளர் அண்ணன் சொல்லிவிட்டார். இரட்சிக்கப்படுவதற்கு முன், இரட்சிக்கப்பட்ட விதம், அதற்குப் பின் என்று மூன்று பாகமாக எழுதி வர வேண்டுமாம். முதல் பாகத்தில் எழுத எனக்கு ஒன்றுமே இல்லை. சென்ற முறை பேசியவர் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியவர், சபையே அழுதது. என் அப்பா சில வருடங்கள் குடித்தார், பிறகு விட்டுவிட்டார். அதைச் சொல்லலாமா? அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருக்கும் தோழி, இந்து, "நீ ஏன் இதையெல்லாம் நம்புகிறாய்?" என்று உண்மையாகவே கேட்டாள். அவளிடமும் இதையே சொல்லலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் அப்பாவை விட்டுவிடுங்கள். குடித்ததும் அவர், விட்டதும் அவர். அந்தச் சாட்சியைச் சொல்லும் உரிமையும் அவருக்குத்தான். நீங்கள் மைக்கில் சொல்லி முடித்ததும், உங்களுக்குக் கை கொடுக்க வருகிறவர்கள் ஓரக்கண்ணால் அவரைத்தான் பார்ப்பார்கள். நம் ஊரில் அது திங்கட்கிழமைக்குள் உங்களுக்கு வரன் பார்க்கும் வீடு வரை போய்ச் சேரும். அவரே மனமொப்பி "சொல்லம்மா" என்றால் அது வேறு. அப்போதும் எதுவரை சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.

மூன்று பாகம் என்ற முறையில் தவறில்லை. பவுல் அகிரிப்பா ராஜாவின் முன் பேசியது ஏறக்குறைய அந்த வரிசைதான் (அப்போஸ்தலர் 26). ஆனால் அது, தமஸ்கு ஊருக்குப் போகும் வழியில் இயேசுவைக் கண்டு மனம் மாறிய பவுலுக்கு நடந்தது. அதே பவுல் தம் இளம் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் உன்னிடத்திலும் இருக்கிறது என்கிறார். உனக்குத் தமஸ்கு வழி எங்கே என்று கேட்கவில்லை. நீங்கள் தீமோத்தேயுவின் ஜாதி. இல்லாத பாதாளத்தைத் தோண்டி, அதில் விழுந்து எழுந்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. சாட்சி மேடைகளில் எனக்கு ஆகாதது இந்தப் போட்டிதான். போன வருடம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தவர், இந்த வருடம் மூன்று பாக்கெட் பிடித்திருப்பார்.

பண்டித ரமாபாய் 1907-இல் தம் சாட்சியை எழுதினார். சமஸ்கிருதத்தில் அவருக்கிருந்த புலமையைக் கண்டு கல்கத்தா அறிஞர்கள் பட்டம் கொடுத்துக் கொண்டாடிய பெண் அவர். 1883-இல் இங்கிலாந்தின் வான்டேஜில் ஞானஸ்நானம் பெற்றார். நம் மேடையாக இருந்தால் கதை அங்கே முடிந்து அல்லேலூயா சொல்லியிருப்பார்கள். அவரோ, ஞானஸ்நானத்தின்போது தமக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதம்தான், கிறிஸ்து அல்ல என்றும், அவரைக் கண்டடைய மேலும் பல வருடங்கள் ஆயின என்றும் எழுதிவைத்தார். உலகறிந்த ஒரு பெண் இதை ஒப்புக்கொள்வது எளிதா? நாடகம் குறைந்த இடத்தில்தான் அந்தச் சாட்சியை நான் நம்பத் தொடங்கினேன்.

உங்களுக்கும் இப்படி ஓர் இடம் இருக்கும். வீட்டில் எல்லோரும் ஜெபிக்கிறார்கள் என்பதற்காக ஜெபித்தவள், யாரும் பார்க்காதபோது தானாக ஜெபித்த நாள் எது? விசுவாசத்தின் நிமித்தம் உங்களுக்கு நஷ்டம் தந்த ஒரு முடிவு, மன்னிக்க மனமில்லாமல் மன்னித்த ஓர் ஆள், இப்படி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இடம், நேரம், பேசிய பேச்சோடு எழுதுங்கள். "கர்த்தர் என்னை அதிசயமாய் நடத்தினார்" என்பதை யாரும் சொல்லலாம். எந்த வாசலில் நின்றுகொண்டு என்ன கேட்டீர்கள் என்பதை நீங்கள் மட்டும்தான் சொல்ல முடியும். பதில் கிடைக்காத ஜெபம் இருந்தால் அதையும் சேருங்கள். யோவான் 9-இல் பார்வை பெற்றவனைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். இயேசுவைப் பாவி என்று அவர்கள் சொன்னதற்கு, அவன் முதலில் சொல்வது "எனக்குத் தெரியாது" என்பது. அதன் பிறகுதான், "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்கிறான். 

எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்துக் கடிகாரம் பாருங்கள். எட்டு நிமிடத்தில் முடிய வேண்டும். "இந்த ஆசீர்வாதமான வேளைக்காக" என்று தொடங்கும் முன்னுரையை வெட்டினாலே இரண்டு நிமிடம் மிச்சமாகும். வசனம் ஒன்று போதும். கடைசியில் கூட்டத்தாரை அழைப்பதெல்லாம் போதகரின் வேலை.

தோழியின் கேள்விக்கு இதே தாளைக் கொண்டுபோகாதீர்கள். எருசலேமில் யூதக் கூட்டத்திடம் பேசும்போது, தாம் மனம் மாறிய நாட்களில் தம்மிடம் வந்து உதவிய அனனியாவை வேதப்பிரமாணப்படி பக்தியுள்ளவன், யூதர்களிடம் நற்பெயர் பெற்றவன் என்று பவுல் விரிவாக அறிமுகம் செய்கிறார். அகிரிப்பாவிடம் பேசும்போது அனனியாவின் பெயரே வரவில்லை. எதையும் புனையவில்லை, எதிரே இருப்பவர் யார் என்று பார்த்துப் பேசினார்.

ரமாபாயின் சாட்சியிலேயே உங்களுக்கு உதவும் காட்சி ஒன்று உண்டு. மதம் மாறுவதற்கு முன் கல்கத்தாவில் ஒரு கிறிஸ்தவக் கூடுகைக்கு அண்ணனோடு போகிறார். ஜெபம் தொடங்கியதும் எல்லோரும் நாற்காலிகளின் முன் மண்டியிடுகிறார்கள். சிலை எதுவும் கண்ணில் படாததால், நாற்காலிகளைத்தான் கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்! "இரத்தத்தால் கழுவப்பட்டேன்", "பாரத்தோடு ஜெபித்தேன்" என்றெல்லாம் நீங்கள் அடுக்கினால் உங்கள் தோழியும் அப்படித்தான் எதையாவது நினைத்துக்கொள்வாள். சாப்பாட்டு நேரத்தில், சாதாரணப் பேச்சில் சொல்லுங்கள். அவள் வீட்டுச் சாமியைக் குறைத்துப் பேசி உங்கள் கதையை உயர்த்தாதீர்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லும்படிதான் பேதுரு எழுதியிருக்கிறார். கேட்டதற்குப் பதில் சொன்ன பின், அவள் எதை நம்புகிறாள் என்று கேட்டு முழுதாகக் காது கொடுங்கள். அன்றைக்கே கன்வென்ஷன் கூட்ட நோட்டீஸை அவள் கையில் திணிக்க வேண்டாம்.

அப்புறம், முதல் பாகம் இல்லாமல்தான் பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுப்பாளர் அண்ணனிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மேடையில் தெரியவந்தால் மனிதர் பதறிப்போவார்.

அன்புடன்.