உப்புத் தண்ணீர் ஊரில் குழந்தைத் துணி துவைப்பது எப்படி?

கேள்வி: பாம்பன் பக்கம் குடியிருக்கிறோம். பிள்ளைக்கு நாலு மாதம். மாமியாரின் பழைய சேலை, வேட்டிகளைக் கிழித்துத்தான் லங்கோடு கட்டுகிறேன். வீட்டு போர் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் துணி அட்டை மாதிரி விறைக்கிறது, ஈரம் பட்டதும் நாறுகிறது, பிள்ளைக்குத் தொடை இடுக்கு சிவந்து போகிறது. பேசாமல் டயப்பருக்கே மாறிவிடலாமா? துணியே போதுமென்றால் எப்படித் தைப்பது, எப்படித் துவைப்பது?

பதில்: துணியை விட வேண்டாம். இரவுக்கும் பஸ் பயணத்துக்கும் டயப்பர் போடுங்கள், அதில் தவறில்லை. பகலில் துணிதான் நல்லது. உங்கள் துணியில் சோப்பு குறையவில்லை, கூடிப்போயிருக்கிறது. சோப்பும் உப்பும் அலசலில் வெளியேறாமல் நூலுக்குள்ளேயே தங்கிவிட்டன.

கடலோர போர் தண்ணீரில் சாப்பாட்டு உப்போடு கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்திருக்கும். பார் சோப்பு இவற்றோடு சேர்ந்தால் நுரைக்காது. வாளி ஓரத்தில் சாம்பல் நிறப் பிசுக்காகத் திரளும். நுரை வரவில்லையே என்று இன்னும் தேய்க்கத் தேய்க்க, அந்தப் பிசுக்கு துணியில் ஏறுகிறது. துணி விறைப்பதும் வெளுப்பு மங்குவதும் இதனால்தான். பிசுக்கு ஏறிய துணி ஈரத்தை உறிஞ்சாது. மூத்திரம் துணிக்குள் இறங்காமல் தோலோடு நிற்கும். துணியில் மிஞ்சிய கிருமிகள் மூத்திரத்திலுள்ள யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றன. மூக்கில் ஏறும் அந்த நெடியும் தோலின் எரிச்சலும் அங்கிருந்து வருபவை. மதியம் மொறுமொறுவென்று காய்ந்த துணி ராத்திரி பிசுபிசுப்பதற்குக் காரணம் உப்பு. அது கடல்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நன்றாகக் காய்ந்த துணியை விரித்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே பரவி மறைந்தால் துணி சுத்தம். சொட்டு முத்தாக நின்றால் பிசுக்கு இருக்கிறது.

அப்படியானால் இருக்கும் துணிகளை ஒருமுறை முழுதாகச் சுத்தம் செய்ய வேண்டும். நல்ல தண்ணீர் வருகிற அன்றைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். அரை வாளி, அதாவது 8 லிட்டர் அளவு வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு துணிகளை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிழிந்து எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் இன்னொரு அரை வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு கசக்கினால், சோப்பே போடாமல் வெள்ளை நுரை கிளம்பும். இத்தனை நாள் துணிக்குள் இருந்த சோப்புதான் அது. நுரை அடங்கும் வரை அலசுங்கள். வினிகர் முதலில், சோடா பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், ஒரு பயனும் இராது. ப்ளீச்சிங் பவுடர் போட்ட வாளியில் வினிகரை ஊற்றவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். சோடா வாங்கும்போதும் கவனம். ஆப்பசோடா வேறு. காஸ்டிக் சோடாவோ கையை வெந்துபோகச் செய்துவிடும். சலவைச் சோடாவும் கையை வறட்டும் என்பதால் உறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் கையைக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

இனி அன்றாடத் துவையல். மலம் பட்ட துணியைக் கழிவறையில் உதறிக் கழுவி, மூத்திரத் துணியைச் சேர்க்காமல் தனி வாளியில் போடுங்கள். முதல் அலசலுக்கு உப்புத் தண்ணீரே போதும். துவைக்கும் வாளியிலும் உப்புத் தண்ணீர்தான் என்றால், 10 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைப் போட்டுக் கலக்கி, கால் மணி நேரம் கழித்துத்தான் சோப்புத் தூள் போட வேண்டும். சோடா கால்சியத்தைப் பிடித்து வெள்ளைத் தூளாகக் கீழே இறக்கிவிடும். தெளிந்த தண்ணீரை மேலாக ஊற்றி எடுத்துக்கொண்டால் சோப்பு பாதி போதும். பார் சோப்பை விட்டு, வாசனை குறைந்த சோப்புத் தூள் ஒரு மேசைக்கரண்டி, தலை தட்டி. அதற்கு மேல் வேண்டாம். டெட்டால், நீலம், துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காதீர்கள். மென்மையாக்கும் திரவம் நூலைப் பூசி மூடிவிடும், திரும்பவும் உறிஞ்சாத துணிதான் மிஞ்சும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் படிகாரம் போட்டாலும் உப்பு போகாது. கொதித்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தில் படியும், அவ்வளவுதான். படிகாரம் கலங்கலைத்தான் தெளிய வைக்கும். விறகையும் கேஸையும் இதற்குச் செலவழிக்காதீர்கள்.

கடைசி அலசலில்தான் சிக்கனமும் சூட்சுமமும் இருக்கின்றன. ஒரு குடம் நல்ல தண்ணீர், 12 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் பிழியாத துணிகளில் 2 லிட்டர் உப்புத் தண்ணீர் நிற்கிறது. அந்த 12 லிட்டரையும் ஒரே தடவையில் ஊற்றி அலசினால் ஏழில் ஒரு பங்கு உப்பு மிஞ்சும். அதையே 6 லிட்டராகப் பிரித்து இரண்டு தடவை அலசினால், பதினாறில் ஒரு பங்குதான். முன்னதாகவே இறுகப் பிழிந்து, நிற்கும் தண்ணீரை 1 லிட்டராகக் குறைத்துவிட்டால் நாற்பத்தொன்பதில் ஒரு பங்காக இறங்கிவிடும். அதே ஒரு குடம்தான். துணியை இருவர் இருமுனை பிடித்து முறுக்கினால் இன்னும் நல்லது. வீட்டில் ஆண்கள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள், கைவலு வேண்டிய வேலை. இரண்டாவது அலசல் தண்ணீரைக் கொட்டாமல் மூடி வையுங்கள். மறுநாளைய முதல் அலசலுக்கு ஆகும். வாரம் ஒரு தடவை, இரண்டு நல்ல தண்ணீர் அலசலில் முதலாவதில் கால் டம்ளர் வினிகர் சேர்த்தால் துணி மென்மையாக இருக்கும்.

ஊரில் மணல் ஊற்று உண்டா? இந்தக் கரையில் மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான கடல் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. ராத்திரி இறைக்காமல் விட்ட ஊற்றில் விடியற்காலையில் மேலாக மொண்டால் உப்பு குறைவு. மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுக் கூரையின் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழையை டிரம்மில் பிடியுங்கள். துணிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

தைப்பதற்கு வருவோம். நாலு முழ வேட்டி ஒன்றில் 60 செ.மீ. சதுரம் ஆறு வரும். ஜரிகைக் கரை உறுத்தும், வெட்டி எறியுங்கள். பாலியஸ்டர் கலந்ததா என்று தெரியாவிட்டால் ஒரு நூலை எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகித வாசத்தோடு எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். ஓரத்தை அரை செ.மீ. வீதம் இரண்டு மடிப்பு மடித்துப் பருத்தி நூலால் தையுங்கள். ஓரம் தைக்காமல் பிசிறு விட்டால், நீண்ட நூல் குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகிவிடும். விரல் வீங்கிய பிறகுதான் தெரியவரும். காரணமில்லாமல் பிள்ளை வீறிட்டால் முதலில் கால்விரல்களைப் பாருங்கள்.

உள்ளே வைக்கும் துணிக்குப் பழைய லுங்கியையோ துண்டையோ 45 × 35 செ.மீ. அளவில் வெட்டி, ஓரம் மட்டும் தைத்து, கட்டும்போது மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். 15 × 35 செ.மீ. திண்டு கிடைக்கும். மூன்று மடிப்பையும் சேர்த்துத் தைத்துவிட வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் தைத்த திண்டின் நடுப்பகுதி காயவே காயாது, நாற்றம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஆண் பிள்ளைக்கு மடிப்பின் கனம் முன்பக்கம், பெண் பிள்ளைக்கு நடுவில். ஊக்கு வேண்டாம், நாடா தைத்து இடுப்பின் பக்கவாட்டில் முடிச்சுப் போடுங்கள். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நாலு மாதப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10, 12 துணி ஆகும். தினம் துவைத்தால் 24 போதும். மழைக்காலத்துக்கு 30 வைத்துக்கொள்ளுங்கள்.

காயப்போடும் இடம் காற்றைப் பார்த்து மாற வேண்டும். வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் வீட்டுக்குத் தெற்கேயும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் வீட்டின் மறைவில் கிழக்கேயும் கொடி கட்டுங்கள். கடலைப் பார்த்துத் தொங்கும் துணியில் உப்புச் சாரலும் மணலும் படியும், நல்ல தண்ணீரில் அலசியது வீண். கருவேல முள்வேலியில் விரிக்காதீர்கள், முள் நுனி ஒடிந்து துணியிலேயே நிற்கும். முருங்கை மரத்தடி கம்பளிப்பூச்சிக்காக வேண்டாம், கருவாடு காயும் இடம் ஈக்காக வேண்டாம். மஞ்சள் கறை போகாத துணியை ஈரமாகவே உச்சி வெயிலில் போட்டால் கறை தானே வெளுக்கும். மூன்று மணிக்குள் எடுத்து உதறி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அடைமழையில் இஸ்திரி போட்டுக் காயவைக்கலாம். சாம்பிராணிப் புகையில் காட்ட வேண்டாம், புகை பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது.

சிவந்த இடத்துக்கு இப்போதே செய்ய வேண்டியது: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மலம் போனால் உடனே, துணி மாற்றுங்கள். உப்புத் தண்ணீரால் கழுவினால் புண் எரியும். ஒரு சொம்பு நல்ல தண்ணீரை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் துணியில்லாமல் காற்றாட விட்டு, துத்தநாக ஆக்சைடு (ஜிங்க் ஆக்சைடு) களிம்போ தேங்காய் எண்ணெயோ மெல்லப் பூசுங்கள். பவுடர் வேண்டாம். மூன்று நாளில் குறையாவிட்டாலோ, இடுக்குக்குள் அடர்சிவப்பாகி ஓரத்தில் சிறு சிறு புள்ளிகள் பரவினாலோ அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கிராம சுகாதார செவிலியரிடம் காட்டி மருந்து வாங்குங்கள். கொப்புளம், சீழ், காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். தொற்று என்று சொன்னால், ஆறும் வரை எல்லாத் துணிகளையும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுக் காயப்போட வேண்டும்.