மழை, கிணறு, ஏரி: ஊர்க்கணக்குக் கேள்வி பதில்

மழை அளவு, நீர்மட்டம் பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் போடுகிறேன்.

டிவியில் சென்னையில் 6 செ.மீ. மழை என்கிறார்கள், வேளச்சேரியில் எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் இல்லை. அந்த 6 செ.மீ. நுங்கம்பாக்கத்திலோ மீனம்பாக்கத்திலோ உள்ள மழைமானியின் கணக்கு, உங்கள் தெருவின் கணக்கு அல்ல. 2015 டிசம்பர் பெருமழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. என்று பதிவானது, ரெண்டும் ஒரே சென்னைதான். அப்புறம், இந்தக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அதில் 6 செ.மீ. நாள் முழுக்கத் தூறியதா ஒரே மணி நேரத்தில் கொட்டியதா என்று தெரியாது. தெருவில் நிற்கும் தண்ணீரோ உங்கள் மழை மட்டுமல்ல, மேட்டிலிருந்து வருவதும் சேர்ந்தது.

வீட்டிலேயே அளக்க முடியுமா? கருவி வாங்கணுமா?

வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள, நேர்ச்சுவர் டப்பா ஒன்று, ஒரு ஸ்கேல், போதும். உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரமே மழை அளவு. மேலே ஒரே வாய் அகலத்தில் புனல் வைத்தால் வெயிலில் ஆவியாவது குறையும். இடம்தான் முக்கியம்: மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவர் மூன்றடி என்றால் சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி வையுங்கள், மரத்தடியில் வைக்கவே வேண்டாம். தினமும் காலை 8.30க்குப் பார்த்து, எழுதி, கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளுக்கும் 0 என்று எழுதணும், இதை விடுகிறவர்கள்தான் அதிகம், பிறகு நோட்டைப் புரட்டினால் மழை பெய்யவில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று தெரியாது.

கனமழை, மிக கனமழை, அதி கனமழை?

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை.

செம்பரம்பாக்கம் ஏரி 20 அடி என்று செய்தி வந்தால் பயப்படலாமா?

அடியை விடுங்கள், கொள்ளளவைப் பாருங்கள். முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி மேலே போகப் போக அகலும், அதனால் மேல் நாலடியில் பிடிக்கும் தண்ணீர் கீழ் நாலடியில் பிடிப்பதைவிட ரொம்ப அதிகம். ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2.83 கோடி லிட்டர். சென்னைக் குடிநீருக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டி.எம்.சி., அதாவது ஆயிரம் மில்லியன் கன அடி, என்று வைத்துக்கொண்டு கோடையைக் கணக்குப் போடலாம். வெள்ளம் என்றால் வேறு கணக்கு: மிச்ச இடம் எவ்வளவு, நீர்வரத்து எவ்வளவு, ரெண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் அடுக்குமாடியில் மழைநீர்த் தொட்டி இருக்கு, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

2003லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள், ஆனால் கட்டியதோடு சரி, பல இடங்களில் மண் மூடிக் கிடக்கிறது. 1,200 சதுர அடி மாடியில் 1,400 மி.மீ. மழை பெய்தால் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல். அது தொட்டி வழியாக நிலத்துக்குள் இறங்குகிறதா என்று கிணற்றின் நீர்மட்டம்தான் சொல்லும். மாதம் ஒரு முறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், விளிம்பிலிருந்து தண்ணீர் வரை டேப் விட்டு அளங்கள். போர்வெல் மட்டும்தான் என்றால் பக்கத்து வீட்டுத் திறந்த கிணற்றைக் கேட்டுப் பாருங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நாலு முறைதான் அளக்கிறது, அதுவும் தேர்ந்தெடுத்த கிணறுகளில். செப்டம்பரிலேயே தொட்டியைத் தூர் வாரிவிடுங்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தில் வார்டு உறுப்பினராக இருக்கேன். இதையெல்லாம் எழுதி வைத்து யாரிடம் காட்டுவது?

கிராம சபையில். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டம், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று ஒன்று, நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று ஒன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த வெள்ளம் உங்கள் ஊரில் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்று வெள்ளையடிப்பதற்குள் பெயிண்டில் கோடு போட்டு, தரையிலிருந்து எத்தனை அடி என்று நோட்டில் ஏற்றியிருந்தால் அதுவே பெரிய ஆவணம். போடவில்லையா, பெரியவர்களை அழைத்துப் போய்க் கேளுங்கள், இன்னும் ஞாபகம் இருக்கும். எந்தப் பாலத்தடியில் தண்ணீர் திரும்பியது, எந்தக் கண்மாய்க் கரை முதலில் உடைந்தது, என்று நேரத்தோடு எழுதுங்கள். “வடிகால் வேண்டும்” என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் ஃபைலில் போய்விடும், “இந்தக் குழாய்ப்பாலம் போதாது, இத்தனை மி.மீ. மழைக்கே இந்தத் தெரு மூழ்குகிறது” என்று எழுதினால் பொறியாளர் வந்து பார்த்தே ஆகணும்.