புது வீட்டில் நண்பர்கள் பந்தி: அண்ணாச்சியிடம் கேளுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் சொந்தக்காரர், தெரிந்தவர் வீட்டு விசேஷம் என்றால் பந்தி விசாரிக்கிற வேலை பெரும்பாலும் எனக்குத்தான் வரும். அதில் கற்றுக்கொண்டதை வைத்துச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, பால்காய்ப்பு அன்றைக்கே கல்லூரி நண்பர்கள் 15 பேரையும் கூப்பிட்டுவிடலாமா?

கூப்பிடுங்கள் தம்பி. ஆனால் அவர்களுக்கென்று ஒரு சாயங்காலம் தனியாக வையுங்கள். காலை முகூர்த்தம் சொந்தக்காரர்களுக்கே சரியாகப் போய்விடும். என் வீட்டுப் பால்காய்ப்பு அன்று, வருகிறவர்களை வரவேற்க சந்தனக் கும்பாவோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். கூடப் படித்தவர்கள் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, ஈரக் கையாலேயே என் தோளைத் தட்டி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்கள். ஒருவரோடும் நாலு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று வைத்தால் நீங்களும் அவர்களோடு இலையில் உட்காரலாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: 15 பேருக்கு வீட்டிலேயே சொதி வைக்க முடியுமா? போன தடவை எனக்குத் திரிந்துபோனது.

தாராளமாக வைக்கலாம் தங்கச்சி. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கிற இந்தத் தேங்காய்ப்பால் குழம்பைச் சிநேகிதர்களுக்கு வைத்தால் அவர்களுக்கும் மாப்பிள்ளை மரியாதைதான். 15 பேருக்கு நன்றாக முற்றிய பெரிய தேங்காய் 4 எடுங்கள். தலைப்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனிப் பாத்திரத்தில் பிழிந்து வையுங்கள். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் மூன்றாம் பாலில் வேக வேண்டும். அப்புறம் இரண்டாம் பால், இஞ்சி பச்சைமிளகாய் அரைத்தது, குழைய வெந்த பாசிப்பருப்பு. இதுவரை கொதிக்கலாம். தலைப்பாலை ஊற்றியதும் தீயைக் குறைத்துவிட்டு அடுப்பை விட்டு நகராதீர்கள். ஓரத்தில் நுரை கட்டிவரும், நடுவில் கொதி வராது, அதுதான் பதம். உடனே இறக்குங்கள். திரிந்துபோவது பெரும்பாலும் எலுமிச்சையால்தான். அடுப்பில் இருக்கும்போதே பிழியக் கூடாது. இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கட்டும். இஞ்சித் துவையலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்க வேண்டுமே.

தென்காசியிலிருந்து: பால் காய்ச்சிய அன்றே கறி போடலாமா?

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாள் தள்ளி வைக்க இதுவும் ஒரு காரணம்.

வள்ளியூரிலிருந்து: சென்னை நண்பர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குகிறார்கள். வீட்டில் கட்டில்கூட இல்லை அண்ணாச்சி.

கட்டிலை விடுங்கள், பத்தமடைப் பக்கம் போய் கோரைப்பாய் வாங்கிப் போடுங்கள். பட்டுப்பாய் விலை அதிகம், படுக்கச் சாதாரணப் பாயே போதும், புது டைல்ஸ் தரைக்குச் சுகமாக இருக்கும். முக்கியமாகத் தண்ணீரைப் பாருங்கள். புதுத் தொட்டியில் சிமெண்ட் வாடை இருக்கும். இரண்டு மூன்று தடவை நிரப்பித் திறந்துவிட்டுக் கழுவுங்கள். பாத்ரூமில் வாளி, கப்பு, துண்டு மாட்டக் கொக்கி இருக்கிறதா என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள்.

களக்காட்டிலிருந்து: என்ன வாங்கி வர என்று கேட்கிறார்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் நாலு பேர் கடிகாரத்தோடு வருவார்கள்.

கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். வரும் வழியில் அல்வா வாங்கி வரச் சொல்லலாம். எனக்கு ஒரு சிநேகிதன் கறிவேப்பிலைக் கன்று கொடுத்தான். கிணற்றடியில் வைத்தேன், இப்போது மாடிக் கைப்பிடிச் சுவர் உயரம் நிற்கிறது. கடிகாரம் கொடுத்தவர்கள் யார் யார் என்று ஞாபகம் இல்லை.

மறுபடி அம்பாசமுத்திரத்திலிருந்து: சொதி மீந்துவிட்டால்?

ஆறியதும் இரவே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள், வெளியில் இருந்தால் காலைக்குள் புளித்துவிடும். தங்கியிருப்பவர்களுக்குக் காலையில் இடியாப்பம் பிழிந்து அதை ஊற்றலாம். சூடுபண்ணும்போதும் கொதிக்க விடாதீர்கள்.